சில்லுப் பலகைக்கு ஏற்ற சப்பாத்து

1

சென்ற ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசை முடிந்து, மாதா கோவிலின் பின்பக்க மண்டபத்தில் தேநீரோடு நின்றிருந்தேன். ஜெறோம் வந்து பக்கத்தில் நின்றார். என்னைவிடப் பத்து வயது இளையவர். ஜேர்மனியில் இந்த வுப்பர்டாலுக்குக் குடிவந்து இரண்டு வருடம்தான் ஆகிறது. அவருக்குப் பன்னிரண்டு வயதில் ஒரு மகள்.

“அண்ணை, உங்களிட்டை ஒண்டு கேக்கோணும். உங்கட மகள் முந்தி சில்லுப் பலகையிலை ஓடினவ எல்லே?”

“ஓம்.”

“என்ரை மகளும் இப்ப அதிலைதான் நிக்கிறா. அதுக்கெண்டு வேறை சப்பாத்து வேணுமாம். ஓடுற சப்பாத்து ஒண்டு வாங்கிக் குடுத்தாக் காணாதோ?”

“காணாது,” என்றேன். பிறகு ஒரு கடைக்காரனைப்போல விளக்கத் தொடங்கினேன். அடி தட்டையாக இருக்க வேண்டும், குதி உயர்ந்திருக்கக் கூடாது. மேற்பக்கம் துணியாக இருந்தால் இரண்டு கிழமையில் கிழிந்துவிடும், மிருதுவான தோல்தான் நல்லது. விரல் முன்னால் முட்டாமல், ஆனால் கால் உள்ளே ஆடாமல் இருக்க வேண்டும். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்ப் போட்டுப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

ஜெறோம் வாய் திறந்து கேட்டுக்கொண்டிருந்தார். “உதெல்லாம் உங்களுக்கு எப்பிடி அண்ணை தெரியும்?”

“மகள் சொன்னது,” என்றேன்.

பாதி உண்மை. மற்றப் பாதியை ஜெறோமிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இனியும் அவரை இதே மண்டபத்தில் பார்க்க வேண்டும். என் முகத்தைப் பார்க்க வேண்டிய தேவையில்லாத உங்களுக்கு எழுதுகிறேன்.

2

இந்த ஊரைப் பற்றி முதலில் ஒன்று சொல்ல வேண்டும். நடுவில் ஓர் ஆறு, ஆற்றுக்கு மேலே தொங்கிக்கொண்டு போகும் ரயில், இரண்டு பக்கமும் மேடு. தெருவுக்குத் தெரு கல்படிகள். பால் வாங்கப் போனாலும் படி, பூசைக்குப் போனாலும் படி. தட்டையான நிலம் கிடைப்பது அருமை. என் மகள் அனிற்றா அப்படி ஒரு தட்டையான நிலத்தைக் கண்டுபிடித்தாள். எங்கள் வீட்டுக்குக் கீழே, மூடிக்கிடந்த கடையொன்றின் வாகனத் தரிப்பிடம்.

ஒய்ரோக் காசு வந்து ஒன்றிரண்டு வருடமான காலம் அது. அவளுக்குப் பதின்மூன்று வயது. வகுப்புத் தோழி ஒருத்தி கொடுத்த பழைய ஸ்கேட்போர்டைத் தூக்கிக்கொண்டு ஒருநாள் வீட்டுக்கு வந்தாள். நான்கு சில்லு பூட்டிய பலகை. என் மனைவி றெஜினாதான் அதற்குச் சில்லுப் பலகை என்று பெயர் வைத்தாள்; பூசைக்கு வருகிறவர்களும் அப்படியே சொல்லப் பழகிவிட்டார்கள். ஒரு மாதம் போனால் அலுத்துவிடும் என்று நினைத்தோம். அலுக்கவில்லை. பாடசாலை விட்டு வந்தால் பலகை, மழை விட்டால் பலகை. தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குப் போகச் சொன்னால் வயிற்றுக்குத்து.

பலகையின் மேற்பக்கத்தில் மரம் தேய்க்கும் தாளைப்போலச் சொரசொரப்பான கறுப்புத் தாள் ஒட்டியிருக்கும். கால் வழுக்காமல் இருக்க அது. அதில் உரசி உரசி அவளுடைய பாடசாலைச் சப்பாத்து சின்ன விரல் பக்கம் ஓட்டையாகிவிட்டது.

“அப்பா, எனக்கு சரியான சப்பாத்து வேணும்,” என்றாள்.

சனிக்கிழமை இருவரும் கடைக்குப் போனோம். அவள் நேரே ஒரு மூலைக்குப் போய் நின்றாள். அங்கே இருந்தவை அகலமான, தடித்த நாக்கு வெளியே துருத்திய, வாத்துக்கால் மாதிரியான சப்பாத்துகள். தெருவில் அரைக் காற்சட்டையைப் பாதி இடுப்பில் விட்டுக்கொண்டு திரியும் பெடியன்கள் போடுபவை. அதற்கு முதல் கிழமைதான் எங்கள் தமிழ் ஆட்களில் ஒருவர் றெஜினாவிடம், “உங்கட பிள்ளையைப் பெடியளுக்குள்ளை கண்டன்,” என்று சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார். அந்தச் சிரிப்பு என் தலைக்குள் நின்றது.

“உது ஆம்பிளைப் பிள்ளையளின்ரை,” என்றேன். பக்கத்துத் தட்டிலிருந்து ஒன்றை எடுத்தேன். வெள்ளை நிறம், ஓரத்தில் ரோஸ் கோடு, மெல்லிய வலைத்துணி, குதியில் பஞ்சுபோல உயர்ந்த அடி. ஓடுவதற்கான சப்பாத்து. “இது வடிவு. இதைப் போடு.”

போட்டுப் பார்த்தாள். ஒற்றைக் காலில் நின்று பார்த்தாள். “அப்பா, இது சரிவராது. அடி தடிப்பு. கால் போர்டைத் தெரியாது.”

அவளுடைய தமிழ் அப்படித்தான். காலுக்குப் பலகை தெரியாது என்று சொல்ல வந்தாள். நான் அந்த வசனத்தைத் திருத்தினேன். அதன் பொருளைக் கேட்கவில்லை.

“சப்பாத்து சப்பாத்துத்தான்,” என்று சொல்லி அதையே வாங்கிக் கொடுத்தேன்.

மன்னாரில் நான் படித்த காலத்தில் சப்பாத்து என்பது பூசைக்கும், பரிசளிப்பு விழாவுக்கும், கல்யாண வீட்டுக்கும் உரிய பொருள். மற்றவர்கள் பார்ப்பதற்காகப் போடுவது. உதைபந்தாட்டத்துக்கு வெறுங்கால் போதும். விளையாடுவதற்கென்று ஒரு சப்பாத்தா என்று எனக்குள் ஒரு ஏளனம் இருந்ததை மறைக்கவில்லை. ஆனால் அன்று கடையில் என்னை நடத்தியது அந்த ஏளனம் இல்லை. என் மகளின் காலைப் பார்த்து ஒருவர் சிரித்துவிடுவாரோ என்ற பயம்தான்.

3

நான் வேலை செய்வது கதவுப் பூட்டுச் செய்யும் தொழிற்சாலையில். அங்கே முன்பக்கத்தில் இரும்பு வைத்த சப்பாத்து இல்லாமல் இயந்திரத்துக்குப் பக்கத்தில் போக முடியாது. ஒருமுறை அதை வீட்டில் மறந்துவிட்டுச் சாதாரணச் சப்பாத்தோடு போய்விட்டேன். மேற்பார்வையாளர் என் காலைப் பார்த்தார், கதவைக் காட்டினார். வீட்டுக்கு வந்து மாற்றிக்கொண்டு போனேன். அவர் செய்தது சரி என்று அன்றைக்கே றெஜினாவிடம் சொன்னேன். வேலைக்கு ஏற்ற சப்பாத்து என்றால் என்ன என்று எனக்குத் தெரியாது என யாரும் சொல்ல முடியாது.

புதிய சப்பாத்து வாங்கி மூன்றாம் கிழமை, அனிற்றாவின் தோழி ஓடி வந்து மணி அடித்தாள். நான் படிகளில் இறங்கி ஓடினேன். தரிப்பிடத்தின் ஓரத்தில் அனிற்றா இடது கையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். பலகையோடு பாய்ந்து இறங்கும்போது உயர்ந்த குதி ஒரு பக்கம் சரிந்து, கணுக்கால் மடங்கி, கையை ஊன்றி விழுந்திருக்கிறாள். ரோஸ் கோடு போட்ட வலைத்துணி பக்கவாட்டில் கிழிந்து காலுறை தெரிந்தது.

அவள் அழவில்லை. “அப்பா, சொறி,” என்றாள். என்னிடம் அவள் மன்னிப்புக் கேட்டாள்.

வைத்தியசாலைக்குப் போகும் பேருந்தில், அந்தத் தமிழ் ஆளின் சிரிப்பு நினைவுக்கு வர, நான் அவள் காதருகே குனிந்து சொன்னேன். “ஆரும் கேட்டா, படியிலை விழுந்தனெண்டு சொல்லு.”

“ஏன்?”

“சொல்லெண்டாச் சொல்லு.”

4

இளம் மருத்துவர், பெண். கையைப் படம் பிடித்துப் பார்த்தார். மணிக்கட்டில் முறிவு. “எப்படி நடந்தது?” என்று அனிற்றாவைத்தான் கேட்டார். நான் முந்திக்கொண்டேன்.

“படி. படியில் விழுந்தாள்.”

கணுக்கால் வீங்கியிருந்ததால் மருத்துவர் காற்சட்டையின் கீழ்ப்பகுதியை மேலே சுருட்டினார். சுருட்டிய கை நின்றுவிட்டது. முழங்காலுக்குக் கீழே எலும்பு நெடுகக் கன்றிய காயங்கள். சில நீலம், சில பச்சை, சில ஆறி மஞ்சளாகிப் போனவை. பலகை எகிறி எகிறி அடித்த அடிகள். நானும் அவற்றை அன்றுதான் முதல் தடவையாகப் பார்க்கிறேன். வீட்டில் அவள் எப்போதும் நீளக் காற்சட்டைதான் போடுவாள்.

“இவையும் படியா?”

இந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். வாய் வேறு சொன்னது. “ஓம். இந்த ஊரில் நிறையப் படி.”

மருத்துவர் காற்சட்டையைத் திரும்ப இறக்கிவிட்டார். பிறகு மரியாதையாக, வெளியே இருக்கச் சொன்னார். கதவு மூடியது. உள்ளே பத்து நிமிடம் அவளோடு தனியாகப் பேசினார். வெளியே வந்ததும், என்ன கேட்டார் என்று விசாரித்தேன்.

“வீட்டிலை ஆரும் அடிக்கிறவையோ எண்டு.”

“நீ என்ன சொன்னாய்?”

“படி எண்டு சொன்னன். நீங்கள்தானே சொல்லச் சொன்னீங்கள்.”

5

அதிகாரம் உள்ள ஒருவர் கேள்வி கேட்டால் எனக்குள் ஏதோ ஒன்று தானாகப் பூட்டிக்கொள்ளும். எங்கே அது பழகியது என்று எனக்குத் தெரியும். மன்னார் வீதியில் ஓர் இராணுவச் சோதனைச் சாவடியில் ஒருநாள் எங்கள் பேருந்தை மறித்தார்கள். நேற்று எங்கே இருந்தாய் என்று ஒவ்வொருவராகக் கேட்டார்கள். எனக்குப் பக்கத்தில் இருந்த வகுப்புத் தோழன், பக்கத்து ஊரில் மாமா வீட்டில் நின்றதாக உண்மையைச் சொன்னான். அவனோடு அதே வீட்டில்தான் நானும் நின்றேன். ஆனால் நான், என் வீட்டில் இருந்தேன் என்றேன். அவனை இறக்கினார்கள். பேருந்து புறப்பட்டது. மூன்றாம் நாள் திரும்பி வந்தான். என்னோடு அதிகம் பேசவில்லை.

அதற்குப் பிறகு எத்தனை மேசைகள். இங்கே வந்து அகதி விண்ணப்பம், வதிவிட அனுமதி, வேலை அனுமதி. ஒவ்வொரு மேசைக்கு முன்னாலும் குறையச் சொல், கேட்டதுக்கு மட்டும் சொல் என்று ஒரு குரல். அது என்னைக் காப்பாற்றியதும் உண்டு. ஆனால் இந்தச் சாவடிக் கதையை என் மகளுக்குச் செய்ததற்கு நியாயமாகச் சொல்ல நான் வரவில்லை. வைத்தியசாலையில் துவக்கோடு யாரும் நிற்கவில்லை.

பத்து நாளில் கடிதம் வந்தது. இங்கே பிள்ளைகளின் நலனைக் கவனிக்கும் காரியாலயம் ஒன்று இருக்கிறது, யூகென்ட்அம்ற் என்பார்கள். அவர்களுடைய கடிதம். குடும்பத்தோடு பேச விரும்புகிறார்கள், இன்ன நாள் இன்ன மணிக்கு டெர்மின், அதாவது சந்திப்பு, தேவையானால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஒழுங்கு செய்யலாம். பிள்ளையைக் கொண்டுபோய்விடுவார்களோ? அப்போது எங்கள் குடியுரிமை விண்ணப்பமும் கிடப்பில் இருந்தது.

“உண்மையைச் சொல்லுங்கோ, முடிஞ்சுது,” என்றாள் றெஜினா.

“இப்ப மாத்திச் சொன்னா, ஏன் முந்திப் பொய் சொன்னனி எண்டு கேப்பினம்.”

மொழிபெயர்ப்பாளர் வேண்டாம் என்று எழுதி அனுப்பினேன். வருகிறவர் எப்படியும் எங்கள் பூசைக்கு வருகிற ஒருவராகத்தான் இருப்பார்.

பின்பு நான் செய்ததை எழுதத்தான் வேண்டும். டெர்மினுக்கு முதல்நாள் பின்னேரம் அனிற்றாவைச் சமையலறை மேசையில் இருத்தி, பாடம் கேட்பதுபோலக் கேட்டேன்.

“எத்தினையாம் படி?”

“மேலையிருந்து நாலாவது.”

“கையிலை என்ன வைச்சிருந்தனி?”

“புத்தகப் பை.”

“ஏன் வழுக்கினது?”

“மழை.”

“அண்டைக்கு மழை இல்லை. யோசிச்சுச் சொல்லு.”

றெஜினா அடுப்பை நிறுத்திவிட்டுத் திரும்பினாள். “பிள்ளைக்குப் பொய் சொல்லப் பழக்கிறியளே? வெக்கமாயில்லையே உங்களுக்கு?” என்றாள். நான் அவளைப் பார்க்காமல் அடுத்த கேள்வியைக் கேட்டேன்.

6

றெஜினாவுக்கு அன்று, அவள் வேலை செய்யும் முதியோர் இல்லச் சமையலறையில் மாற்று ஆள் கிடைக்கவில்லை. நானும் அனிற்றாவும் காரியாலயத்துக்குப் போனோம். கையில் கட்டோடும் அவள் பாடசாலைப் பையை விடாமல் கொண்டுவந்தாள்.

அங்கே இருந்த அலுவலர் ஐம்பது வயதுப் பெண்மணி. குரலில் கடுமை இல்லை. யன்னலோரம் பூச்சாடிகள், மேசையில் கடுதாசிக் கைக்குட்டைப் பெட்டி. என்ன நடந்தது என்று என் வாயால் கேட்க விரும்புவதாகச் சொன்னார்.

என்னுடைய ஜேர்மன் தொழிற்சாலை ஜேர்மன். நிறுத்து, தூக்கு, எண்ணெய் போடு, எத்தனை துண்டு. அதை வைத்துக்கொண்டு, பிள்ளை படியில் அடிபட்டுக்கொண்டாள் என்று சொல்ல வந்தேன். அடிபட்டுக்கொள்வதற்கு ஸ்டோசன் என்ற சொல்லை வேலையிடத்தில் கேட்டிருக்கிறேன். இன்னொருவரைத் தள்ளுவதற்கும் அதே சொல்தான். யார் யாரை என்பதைச் சரியான இடத்தில் வைத்துச் சொல்ல வேண்டும். நான் பதற்றத்தில் ‘நான்’ என்று தொடங்கிவிட்டேன்.

“நான் அவளைப் படியில் தள்ளினேன்.”

அலுவலரின் பேனா நின்றது. அவருடைய முகத்தைப் பார்த்துத்தான் ஏதோ பிழையாகிவிட்டது என்று எனக்கு விளங்கியது. என்ன பிழை என்று விளங்கவில்லை. நன்றாகச் சொன்னால் தெளிவாகிவிடும் என்று நினைத்து, அதே வசனத்தை இன்னும் சத்தமாகச் சொன்னேன்.

“நைன்!” என்று அனிற்றா கத்தினாள். இல்லை, இல்லை.

பையைத் திறந்து, ஒற்றைக் கையால் அந்த வெள்ளைச் சப்பாத்தில் ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தாள். கிழிந்த பக்கம் அலுவலரைப் பார்க்க வைத்தாள். பிறகு பேசினாள். அவ்வளவு வேகமான, அவ்வளவு அழகான ஜேர்மன். அப்பா சொல்ல வந்தது அது இல்லை, அவருக்கு அந்தச் சொல் வராது. நான் ஸ்கேட்போர்டில் விழுந்தேன். காலில் இருக்கும் காயமெல்லாம் பலகை அடித்தது, வேண்டுமானால் என் தோழியைக் கேளுங்கள். படி என்றது நான் சொன்ன பொய்.

அந்தப் பொய்யை நான் பாடமாகச் சொல்லிக் கொடுத்தது எங்கும் வரவில்லை. பொய் முழுவதையும் அவளே எடுத்துக்கொண்டாள்.

அலுவலர் சப்பாத்தைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். “என் மகனும் ஓடுகிறான். இதைப் போட்டுக்கொண்டு யாராவது ஸ்கேட்போர்ட் ஓடுவார்களா? யார் இதை வாங்கியது?”

“நான்தான் பிடிவாதமாக எடுத்தேன்,” என்றாள் அனிற்றா. “வடிவாக இருந்தது. அப்பா மற்றதை வாங்கச் சொன்னவர். நான் கேட்கவில்லை.”

ஒவ்வொரு சொல்லும் எனக்கு விளங்கியது. என் குறை ஜேர்மனுக்குக்கூட விளங்கியது.

அலுவலர் என் பக்கம் திரும்பினார். “அப்படியா?”

“யா,” என்றேன்.

அவர் எதையோ எழுதினார். அடுத்த கேள்விகள் எல்லாம் சாதாரணமாக இருந்தன. கடைசியில் தலைக்கவசமும் நல்ல சப்பாத்தும் வாங்கச் சொல்லி, எங்கள் இருவருக்கும் கைகொடுத்தார். வெளியே வந்ததும் அனிற்றா எனக்கு இரண்டு அடி முன்னால் நடந்தாள். நான் எட்டி நடந்தால் அவளும் எட்டி நடந்தாள். வீட்டில் றெஜினா கேட்டபோது, “எல்லாம் சரி, அம்மா,” என்று மட்டும் சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போனாள்.

இப்போது அவள் பான் நகரில் படிக்கிறாள். இரண்டு கிழமைக்கு ஒருமுறை வருவாள். தொலைபேசியில் தாயோடு அரை மணி நேரம், என்னோடு இரண்டு நிமிடம். சாப்பிட்டியளோ, வேலை எப்பிடி, சரி அப்பா வைக்கிறன். கோபமில்லை, மரியாதைக் குறைவுமில்லை. எந்த நாளிலிருந்து அந்த இரண்டு அடி எங்களுக்கு நடுவில் வந்தது என்று றெஜினா சில வேளை கேட்பாள். தெரியாது என்பேன்.

7

டெர்மினுக்குப் போய்வந்த கிழமையின் சனிக்கிழமையே சப்பாத்து வாங்கப் போவோம் என்றேன்.

“கை நோ மாறட்டும். இப்ப ஓடேலாதே,” என்றாள்.

“பரவாயில்லை. இப்பவே போவம்.”

இந்தமுறை அவள் சொன்ன கடை. பலகையும் சில்லும் சப்பாத்தும் மட்டும் விற்கும் சின்னக் கடை. பின்னோக்கித் திருப்பிய தொப்பியோடு ஓர் இளைஞன் இருந்தான். அனிற்றா பழைய சப்பாத்தைக் காட்டினாள். அவன் அதை இரண்டு கையாலும் வளைத்துப் பார்த்துவிட்டு என்னிடம்தான் விளக்கினான். நான் விளங்கிக்கொள்கிறேனா என்று நிறுத்தி நிறுத்திப் பேசினான்.

“இது நல்ல சப்பாத்துத்தான். ஆனால் முன்னோக்கி ஓடுகிறவருக்கு. பலகையில் நிற்பவர் பக்கவாட்டில் நிற்கிறார். குதி இவ்வளவு உயரமாக இருந்தால் கால் புரளும்.”

பிறகு ஒவ்வொன்றாகக் காட்டினான். தட்டையான றப்பர் அடி. மிருதுவான தோல். பலகையில் உரசுகிற இடத்தில் இரட்டைத் தையல். கணுக்காலைச் சுற்றி மெத்தை. ஜெறோமுக்கு நான் சொன்னதில் அனிற்றா சொல்லாத மீதியெல்லாம் அவன் வாயிலிருந்து வந்தவைதான்.

அனிற்றா மண்ணிறத்தில் ஒன்றைத் தெரிந்தெடுத்தாள். அகலமானது. வாத்துக்கால். அவளால் ஒற்றைக் கையால் கயிறு கட்ட முடியவில்லை. நான் அவளுக்கு முன்னால் முழந்தாளில் இருந்து கட்டத் தொடங்கினேன்.

மேலே அந்த இளைஞன் பழைய சப்பாத்தை இன்னும் கையில் வைத்திருந்தான். சிரித்துக்கொண்டே கேட்டான், “யாருடைய யோசனை இது?”

அவள் வாயைத் திறப்பதற்குள் நான் சொன்னேன். “என்னுடையது. இவள் வேண்டாம் என்றாள். நான்தான் வாங்கினேன்.” இந்த வசனத்தைப் பேருந்தில் வரும்போதே மனதுக்குள் கட்டி வைத்திருந்தேன். ஒரு பிழையும் இல்லாமல் வந்தது. சொன்னதும் நெஞ்சு இலேசானது போல இருந்தது.

அனிற்றா என்னைக் குனிந்து பார்த்தாள். பிறகு தமிழில் சொன்னாள். மெதுவாக, ஒரு ஜேர்மன் சொல்லும் கலக்காமல் சொன்னாள்.

“இங்கை சொல்லுறது லேசு, அப்பா. அங்கையெல்லே சொல்லியிருக்கோணும்.”

என் கை கயிற்றிலேயே நின்றது. எங்கள் இருவரின் முகத்தையும் பார்த்த இளைஞன், “ஏதும் பிரச்சினையா? என்ன சொல்கிறாள்?” என்று என்னைக் கேட்டான்.

“ஒன்றுமில்லை,” என்றாள் அனிற்றா, ஒரு நொடியும் தயங்காமல், முகத்தில் நல்ல சிரிப்போடு. “இந்த நிறம் அப்பாவுக்குச் சரியாகப் பிடித்திருக்கிறதாம்.”

இளைஞன் மகிழ்ந்து என் பக்கம் பார்த்தான். முழந்தாளில் இருந்தபடியே, ஓம் என்று நான் தலையாட்டினேன்.